ஏகாதசி இரவுக்குள் ஒரு ஆன்லைன் பரமபதம்

கேம் செய்கிறோம் என்று என்னிடம் வரும் திருச்சிப் பிள்ளைகள் முதலில் லோகோவைக் காட்டுவார்கள். எத்தனை ஆள், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்." ஆன்லைன் ஆட்டம் கவிழ்வது அந்த இடத்தில்தான். ஸ்ரீரங்கத்துக்கு ஏற்ற ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்: வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதம், நான்கு பேர், நான்கு போன்.

முதலில் பஞ்சாங்கம். இந்தப் பண்டிகை ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2024-இல் வரவே இல்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு முறை வந்தது. 2021-இல் ஸ்ரீரங்கத்தில் டிசம்பர் 14-லேயே சொர்க்கவாசல் திறந்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் அடுத்த ஜனவரியில்தான். கூகுளில் தேடிப் பார்த்துத் தேதி குறித்திருந்தால் ஒரு மாதம் போச்சு. கோயில் அறிவிப்பைப் பாருங்கள்.

இனி அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எல்லோரும் தடுக்கி விழும் படி இது. ஏகாதசிக்கு முன் வரும் பகல் பத்து தொடங்கும்போதே ஆட்டம் பிளே ஸ்டோரில் இருக்க வேண்டும். அதற்குப் பத்து நாள். கூகுளின் பரிசீலனைக்கு ஒரு வாரம் விடுங்கள். அதற்கும் முன்னால், 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தாக வேண்டும். (முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் குறைத்தார்கள்.) சரியாகப் பன்னிரண்டு பேரை மட்டும் சேர்க்காதீர்கள். யாராவது ஒரு மாமா பாதியில் விலகினால் எண்ணிக்கை குறைந்து, நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உத்தர வீதி, சித்திரை வீதி என்று அலைந்து இருபது பேரையாவது சேருங்கள். முதல் சோதனை சொதப்பினால் இன்னொரு பதினான்கு நாள். ஆக மொத்தம் 45 நாள். டிசம்பர் 30 ஏகாதசி என்றால் நவம்பர் 15-க்குள் ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னால்தான் தீபாவளி. அந்த வாரத்தை வேலைநாளாக எண்ணவே கூடாது.

அடுத்து ஆட்கள். மூன்று பேர் போதும்: புரோகிராமர் ஒருவர், ஓவியர் ஒருவர், சர்வரையும் டெஸ்டிங்கையும் பார்க்க ஒருவர். இசையைப் பீஸ் கணக்கில் வாங்குங்கள். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வரும் நண்பரைக் கால் ஆள் என்றுதான் எழுத வேண்டும். கல்லூரி மாணவர்கள் செப்டம்பர் வரை முழு ஆள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்தால் ஆளே இல்லை.

மூன்றாமவர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து ஒருவர் ஆடுகிறார். கட்டையை உருட்டுகிறார், காவிரிப் பாலத்தில் சிக்னல் போகிறது. அவர் போனில் காய் ஏணியில் ஏறிவிட்டது. எதிராளி போனில் இன்னும் பாம்பு வாயருகே நிற்கிறது. தாயம் போனில் விழுந்தால் இப்படித்தான். சர்வரில் விழ வேண்டும், போன் அதைக் காட்டினால் போதும். இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரே போனில் ஓடிய பரமபதத்தை இரண்டு வாரத்தில் முடித்த பையன்கள் இதற்கு மட்டும் இரண்டு மாதம் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நாள் போதவில்லையா, பாம்புகளின் அனிமேஷனை வெட்டுங்கள். இதில் கை வைக்காதீர்கள்.

பணம். கூகுள் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99. முதல் வருடம் ஐபோனை மறந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப் பணம் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. விளம்பரம், அலங்காரக் காய் விற்பனை, அவ்வளவுதான் வரவு.

கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கை வெளியீட்டுக்குப் பிந்தைய நாட்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இது என் சட்டம். 'அமாங் அஸ்' என்ற ஆன்லைன் ஆட்டம் 2018-இல் வந்தபோது யாரும் சீண்டவில்லை. 2020-இல் உலகமே அதில் இறங்கியதும், அந்தச் சின்னக் குழு அறிவித்திருந்த இரண்டாம் பாகத்தையே கைவிட்டு, பழைய ஆட்டத்தைச் செப்பனிட உட்கார்ந்தது.

நம் ஆட்டத்துக்கு வருடம் முழுக்கச் சின்ன சர்வர் போதும். ஏகாதசி இரவு ஒன்பது மணியிலிருந்து மட்டும் பெரிதாக்குங்கள். விடிந்ததும் மறக்காமல் குறையுங்கள். நான் ஒருமுறை மறந்து, பொங்கல் வரை பில் ஓடியது. அன்றிரவு மூன்றாமவர் லேப்டாப்பும் ஃபிளாஸ்க்குமாக விழித்திருக்கட்டும். மறுநாள் அவருக்கு லீவு. அன்று யாரும் புது பில்டு ஏற்ற வேண்டாம்.