ஒரே ஊருக்கு நாலு பெயர்



நம் பேரவையின் ரத்ததானப் பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் இருந்தது. அப்போது பட்ட பாடுதான் இந்தப் பாடம்.

ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. "தம்பி, ஓ நெகட்டிவ் வேணும். ஸ்ரீரங்கத்துப் பையங்க யாராச்சும் இருந்தா உடனே வரச் சொல்லுப்பா." அவசரமாகப் பில்டர் போட்டேன். இரண்டே பெயர்கள், இருவருமே போனை எடுக்கவில்லை. நல்லவேளை, வேறு யாரோ வந்து கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அம்மா மண்டபம் சாலையில் குடியிருக்கும் நம் வகுப்பு நண்பன் கேட்டான்: "நானும் ஓ நெகட்டிவ்தானே, எனக்கு ஏன்டா போன் பண்ணல?"

பதில் சொல்ல முடியவில்லை. பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். ஸ்ரீரங்கம், ஸ்ரீ ரங்கம், திருவரங்கம், சிறீரங்கம் என்று ஆளுக்கொரு விதமாக அடித்திருந்தார்கள். ரத்தப் பிரிவில் 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியம் போட்டவர்களும் உண்டு. இதையெல்லாம் விட வேடிக்கை, பில்டர் பட்டியலில் ஸ்ரீரங்கம் என்றே இரண்டு தடவை இருந்தது! 'ஸ்ரீ' என்பதை 'ஸ' கொண்டும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ வேறு வேறு சொற்கள். நண்பன் அந்த இரண்டாவது ஸ்ரீரங்கத்தில் இருந்தான்.

ஊர்ப் பெயர் விஷயம் லேசானதல்ல. 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆனால் ரயில்வேக்காரர்களைப் பாருங்கள்: திருச்சி ஜங்ஷன் என்றால் டி.பி.ஜே., ஸ்ரீரங்கம் என்றால் எஸ்.ஆர்.ஜி.எம். யார் எப்படி உச்சரித்தாலும் குறியீடு ஒன்றுதான். தபால்காரருக்கு 620006. நம் பட்டியலுக்கும் அதே வழிதான்: அடிக்க விடாதே, தேர்ந்தெடுக்கச் சொல். அதுதான் டிராப்-டவுன் லிஸ்ட்.

செய்முறை:

1. அதே கோப்பில் 'மூலம்' என்று தனி ஷீட் திறக்கவும். முதல் பத்தியில் தலைப்பு. அதன் கீழே ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், தில்லைநகர், பொன்மலை என வரிக்கு ஒன்றாக, அகர வரிசையில். சொல்லின் முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. அடுத்த பத்தியில் எட்டு ரத்தப் பிரிவுகள்.

2. உறுப்பினர் ஷீட்டில் தலைப்பை விட்டுவிட்டு ஊர்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' மெனுவில் 'டேட்டா வேலிடேஷன்' போகவும். புது விதி சேர்த்து, 'டிராப்-டவுன் ஃப்ரம் எ ரேஞ்ச்' எடுத்து, மூலம் ஷீட்டின் பத்தியைக் காட்டவும். கீழே கொஞ்சம் காலி வரிகளையும் சேர்த்துக் காட்டினால், பின்னால் புது ஊர் சேர்க்கும்போது விதியைத் தொட வேண்டாம்.

3. தவறாக அடித்தால் எச்சரித்தால் மட்டும் போதாது. 'ரிஜெக்ட்' என்பதையே வைக்கவும்.

4. மூலம் ஷீட்டைப் பூட்டி, இரண்டு பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுக்கவும். எல்லாரும் கை வைத்தால் பழைய குப்பைதான்.

எக்செலிலும் இதே மெனுதான். 'அலவ்' என்ற இடத்தில் 'லிஸ்ட்' எடுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். விதி போட்டதும் பழைய தவறுகள் தானாகத் திருந்தாது. கூகுள் ஷீட்ஸ் அவற்றின் மூலையில் சிவப்புக் குறி காட்டும். எக்செலில் 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' வட்டம் போடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும். அடுத்து, வேறு இடத்திலிருந்து காப்பி செய்து அப்படியே ஒட்டினால் விதியே அழிந்துவிடும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தி மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். ஒட்டியபின் சிவப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் எனக்கு ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். "இது ஒரு வேலையா?" என்று ஹாஸ்டலில் சிரித்தார்கள். ஆனால் அடுத்த முறை இரவில் போன் வரும்போது, அம்மா மண்டபம் சாலைக்காரன் பெயர் முதல் தேடலிலேயே வரும். அது போதும் எனக்கு. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புக்கு வரும் தம்பி தங்கைகளே, மூலம் ஷீட்டை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.