விலை கூடிய பெயின்ட் உரியாதா?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்பது நம் ஊர்ப் பழக்கம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் பெரிய சிக்கல் இல்லை. சுவர் குடித்த ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். இப்போது அடிப்பது எமல்ஷனும் எனாமலும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் ஊறிய சுவரில் மார்கழிக் கடைசியில் அவசர அவசரமாக அடிக்கிறோம். சித்திரை வெயிலில் அது பொரிந்து நின்றால் பழி கம்பெனி மேலும் பெயின்டர் மேலும் விழுகிறது. தொழில் தெரிந்த பெயின்டர் கடைக்குப் போவதற்கு முன் சுவரைப் பார்ப்பார். நாமோ டப்பாவைப் பார்க்கிறோம்.

“விலை கூடிய பெயின்ட் எந்தச் சுவரிலும் நிற்கும்”

நிற்காது. காய்ந்த ஒரு கோட்டிங்கின் கனம் சுமார் 30, 40 மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமன்கூட வராது. கீழே இருப்பது உதிர்ந்தால் அதுவும் சேர்ந்து உதிரும். அதனால்தான் அனுபவமுள்ள பெயின்டர் முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். கை வெளுத்தால் சுரண்டல் வேலை இருக்கிறது என்று அர்த்தம். பழைய பெயின்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுப்பார்கள். டேப்போடு செதில் வந்தால் அந்தச் சுவரில் மேல்கோட்டிங்குக்குச் செலவழிப்பது வீண்.

ஓதத்துக்கும் சோதனை உண்டு. ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மறுபக்கத்துக் குளியலறைக் குழாய் கசிகிறதா, மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிறதா என்று தேட வேண்டியது அப்போதுதான். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதிய எந்த டப்பாவும் குழாய்க் கசிவை அடைக்காது. உள்ளிருந்து தள்ளும் நீர் அந்தப் பெயின்டையும் சேர்த்தே தள்ளிவிடும்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இன்னொரு ரகம். அதன்மேல் ‘பிளாஸ்டிக் பெயின்ட்’ அடித்து ஈரத்தைப் பூட்டிவைப்பதைவிடச் சுண்ணாம்பே அடித்துவிடலாம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு சுவரோடு சுவராக இறுகும்.

“புது வீடுதானே, பூச்சு காய்ந்ததும் அடித்துவிடலாம்”

கிரகப்பிரவேசத் தேதி குறித்தவர்கள் அதிகம் சொல்வது இது. புதுச் சிமென்ட் பூச்சில் காரம் மிக அதிகம், பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். எனாமலில் இருப்பது எண்ணெய் கலந்த ரெசின். காரமும் எண்ணெயும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோப்பு காய்ச்சுகிறவரைக் கேட்டால் தெரியும். சுவரிலும் அதே வேதிவினைதான் நடக்கிறது: பெயின்ட் பிசுபிசுத்து, நிறம் திட்டுத்திட்டாக மாறி, கழன்று வரும். எமல்ஷன் சோப்பாகாது என்றாலும், உள்ளிருந்து வரும் உப்பு அதன்மேல் வெள்ளையாகப் பூக்கும்.

28 நாள் என்பது சிமென்ட் இறுகும் கணக்கு. கொத்தனார் ஊற்றிய தண்ணீர் வற்ற அதற்கு மேலும் ஆகலாம். அவசரமென்றால் காரத்தைத் தாங்கும் பிரைமர் மட்டும் அடித்துக் குடிபோய்விட்டு, மேல்கோட்டிங்கை ஒரு கோடை கழித்து அடித்துக்கொள்வது நல்லது. சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

“வெளிச்சுவர்ப் பெயின்ட்தான் உறுதி, உள்ளேயும் அதையே அடிக்கலாம்”

வேண்டாம். வெளிப்பெயின்டில் பாசி, பூஞ்சைக்கான மருந்து கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். படுக்கையறைக்கு அது எதற்கு? பட்டியிலும் இந்தப் பாகுபாடு உண்டு. அக்ரிலிக் பட்டி உள்ளே மட்டும். மழை படும் இடத்தில் ஒயிட் சிமென்ட் பட்டிதான்.

“இரும்பு என்றால் ரெட் ஆக்சைடு போதும்”

சாதா இரும்பு கிரில்லுக்குச் சரி. ஜி.ஐ. பைப்பில் செய்த கேட்டுக்குச் சரிவராது. அதன் மேலே இருப்பது துத்தநாகம். எண்ணெய் ரெசின் அதோடும் வினைபுரிந்து ஒரு வகைச் சோப்பாகிறது. நகத்தால் நெம்பினால் எனாமல் முழத்துண்டாகத் தோல் உரிந்து வருவது இதனால்தான். ஜி.ஐ.க்கென்று எட்ச் பிரைமர் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். மரக்கதவில் கவனிக்க ஒன்றே ஒன்று: யார் கண்ணிலும் படாத மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயின்ட் அடித்தார்களா என்று பாருங்கள். கதவு நீர் குடித்து உப்புவது அந்த வழியாகத்தான்.

“கெட்டியாக, கனமாக இருந்தால் நல்ல பெயின்ட்”

சுண்ணாம்புக்கல் மாவைக் கொட்டினால் எந்தப் பெயின்டும் கனக்கும். சுவரை மூடி மறைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, பிடித்துவைப்பது ரெசின். இரண்டும் விலை கூடியவை என்பதால் மலிவு ரகத்தில் குறையும். மாவு அதிகமுள்ள பெயின்ட் காய்ந்த பிறகு வெள்ளையாகத் தெரிவதற்குத் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றும் ஒரு காரணம். ஒரு சிறு இடத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஈரத்துணியைச் சற்று நேரம் ஒற்றி வையுங்கள். பழைய நிறம் நிழலாக எட்டிப் பார்த்தால் மாவு மிகுதி. விலையையும் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, இரண்டு கோட்டிங்குக்குச் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

“பெயின்டர் சொல்லும் பிராண்டே சிறந்தது”

பல டப்பாக்களுக்குள் பெயின்டருக்கென்று ஒரு டோக்கன் இருக்கும். கொடுத்தால் காசு. ஊரறிந்த விஷயம்தான். அதற்காக அவர் சொல்வதெல்லாம் பொய்யென்று ஆகிவிடாது. கூலி குறைவான தொழிலில் அதுவும் ஒரு வரும்படி. பிராண்டைப் பற்றி வாதாடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பிரைமர்? லிட்டருக்கு எவ்வளவு தண்ணீர்? இரண்டு கோட்டிங்குக்கு நடுவே எத்தனை மணி நேரம்? பதில் டப்பாவில் அச்சிட்டதோடு ஒத்துப்போனால் அவரையே வைத்துக்கொள்ளலாம்.

“பழைய பெயின்டைச் சுரண்டினால் வெறும் தூசிதானே”

இதில் மட்டும் அலட்சியம் கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய ஜன்னல், கதவுகளைத் தேய்க்கும்போது வெறும் உப்புத்தாள் வேண்டாம், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்டருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.