நாணய மாற்று விகிதமும் குடியானவர் வரவு செலவும்

நாணயத்தின் மாற்று விகிதம் என்னும் விஷயம் பாங்கிக்காரர்களுக்கும் ஏற்றுமதி வியாபாரிகளுக்கும் உரியதேயன்றி, ஏரும் எருவும் கொண்டு பிழைப்போருக்கு உரியதன்று என்ற எண்ணம் கிராமங்களில் இன்றும் பரவியிருக்கிறது. இவ்வெண்ணம் எவ்விடத்தும் சரியன்று. காஞ்சீபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கோ சிறிதும் பொருந்தாது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையில் மோட்டார் வண்டிகளும், டயர்களும், கைபேசிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் மதிற்சுவர்களுக்கு அப்பால் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. ஒரே குடும்பத்தில் தந்தை வயலைக் கவனிக்க, மகன் தொழிற்சாலைக்குச் செல்வது இங்கு சாதாரணக் காட்சி. தந்தை வயலில் இடும் பொட்டாஷ் உரமும், மகன் பூட்டும் இயந்திர உறுப்புகளிற் பலவும் கப்பலேறி வந்தவையே. ஆகவே அக்குடும்பத்தின் இருவகை வருமானமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. அக்கயிறு எவ்வாறு இழுக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மாற்று விகிதம் என்பது யாது?

ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றும் கணக்கே மாற்று விகிதம் எனப்படும். 1966-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி இந்திய சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தனர். அதுவரை 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த அமெரிக்க டாலர் ஒன்றுக்கு அன்று முதல் 7 ரூபாய் 50 பைசா கொடுக்க வேண்டியதாயிற்று. 100 டாலர் பெறுமான அந்நியச் சரக்கை வாங்க முன்பு 476 ரூபாய் போதும். பின்பு 750 ரூபாய் தேவைப்பட்டது. மறுபுறத்தில், 476 ரூபாய் விலையுள்ள நம் சரக்கை வாங்க அந்நிய வியாபாரி முன்பு 100 டாலர் கொடுத்தார். பின்பு ஏறத்தாழ 63½ டாலர் கொடுத்தால் போதும். எனவே மதிப்புக் குறைவினால் இறக்குமதி விலை உயர்கிறது. ஏற்றுமதிக்கு வழி திறக்கிறது. நுட்பமான வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இவ்விரண்டே.

அக்காலத்தில் விகிதத்தைச் சர்க்காரே நிர்ணயித்தனர். 1993-ம் வருஷம் மார்ச்சு முதல் அது சந்தையில் நிர்ணயமாகிறது. ஏற்ற இறக்கம் அளவு கடக்கும்போது ரிசர்வ் பாங்கு டாலரை வாங்கியும் விற்றும் அதைத் தணிக்கிறது.

ரூபாயின் மதிப்பு மிகுந்திருந்த காலம்

ரூபாய் உயர்ந்திருந்தால் நாட்டுக்கு நன்மை என்று எண்ணுவோர் உளர். இதற்கு 1927-ம் வருஷத்திய அனுபவம் தக்க விடையாகும். ஹில்டன் யங் கமிஷன் சிபார்சுப்படி அவ்வருஷம் ரூபாய் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் செய்யப்பட்டது. கமிஷனில் அங்கத்தினராயிருந்த ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸே தகும் என்று தமது மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதிவைத்தார். வித்தியாசம் 2 பென்ஸ்தானே என்று தோன்றலாம். ஆனால் தென்னாட்டு நிலக்கடலையை ஐரோப்பாவில் ஒரு பவுனுக்கு விற்றால், பழைய கணக்கில் 15 ரூபாய் கிடைத்திருக்கும்; புதிய கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைத்தது. பவுனுக்கு 1 ரூபாய் 10 அணா 8 பை குறைந்தது. நிலத்தீர்வையோ ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது; விளைபொருள் விலை இறங்கியபோது அது தானாக இறங்கவில்லை. 1929-க்குப் பின் உலகெங்கும் விலைவாசி சரிந்தபோதும் இவ்விகிதத்தை விடாமல் காத்தனர். கடனும் தீர்வையும் செலுத்த வழியின்றிக் குடியானவர்கள் விற்ற தங்கம் 1931 முதல் பெருமளவில் கப்பலேறிற்று.

மதிப்பைக் குறைத்தும் பயன் கிட்டாத காலம்

அவ்வாறாயின் ரூபாய் இறங்குவதே நன்மை எனலாமோ? 1966-ம் வருஷத்திய அனுபவம் அதற்கு இடந்தரவில்லை. 1964-65-ல் சுமார் 89 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல் 1965-66-ல் மழையின்மையால் 72 மில்லியன் டன்னாகக் குறைந்தது. அடுத்த வருஷமும் 74 மில்லியன் டன்னைச் சற்றே தாண்டியது. ஏற்றுமதிக்குரிய சணல், பருத்தி, எண்ணெய் வித்துக்கள் ஆகியவை நிலத்திலிருந்தே வரவேண்டியவை. நிலம் பொய்த்தபோது விலைச் சலுகையால் என்ன பயன்? விற்க இருந்த தேயிலை, சணல் போன்ற சரக்குகள் மீதும் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. உணவுக்காகக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. நாணய மதிப்பைக் குறைப்பது கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும். கதவு வழியே வெளியே செல்லச் சரக்கு வேண்டும். அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளில் அச்சரக்கின் பெரும்பகுதியை அளிப்பவர் விவசாயியே.

1991-ம் வருஷ நிகழ்ச்சி

1991-ம் வருஷ மத்தியில் நாட்டின் அந்நிய நாணயக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிருந்தது. விதைப்புக்கு வழியின்றி வீட்டு நகையை அடகு வைக்கும் குடும்பத்தைப் போல, நாடும் சுமார் 47 டன் தங்கத்தை ஜூலை மாதத்தில் இங்கிலாந்து, ஜப்பான் தேசங்களின் மத்திய பாங்குகளில் ஈடு வைத்தது. ஜூலை 1-ந் தேதியும் 3-ந் தேதியும் இரு தவணைகளில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து சுமார் 26 ரூபாயாயிற்று. இம்முறை அத்துடன் நில்லாமல் தொழில், வர்த்தக விதிகளும் தளர்த்தப்பட்டன. மோட்டார் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவை 1993-ல் நீக்கப்பட்டது. அதன் பயனாகவே 1996-ல் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-ல் அங்கு கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2010-ல் ரெனோ நிஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. கடலை விளைந்த மேட்டு நிலங்களின் அருகே இன்று காணப்படும் கட்டிடங்களுக்கும் அந்த ஜூலை மாதத்துக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

தொழிற்சாலைக்கு லாபமா, நஷ்டமா?

ரூபாய் இறங்கினால் தொழிற்சாலைகள் யாவும் கொழிக்கும் என்று சிலர் நம்புகின்றனர். ஓர் உதாரணக் கணக்கினால் இதை ஆராயலாம். ஒரு கருவியை அந்நிய தேசத்தில் 100 டாலருக்கு விற்பதாகவும், அதன் உறுப்புகளில் 80 டாலர் பெறுமானம் வெளிநாட்டிலிருந்து வருவதாகவும் கொள்க. டாலர் 50 ரூபாயாயிருக்கும்போது விற்பனை 5,000, உறுப்புகளுக்கு 4,000, கூலி, மின்சாரம், லாபம் ஆகியவற்றுக்கு மிச்சம் 1,000 ரூபாய். டாலர் 60 ரூபாயானால் விற்பனை 6,000, உறுப்புகளுக்கு 4,800, மிச்சம் 1,200. ஆனால் அதே கருவியை உள்நாட்டிலேயே 5,000 ரூபாய்க்கு விற்கும் தொழிற்சாலைக்கு மிச்சம் 200 ரூபாய்தான். ஒரே இறக்கம் ஒருவருக்குச் சிறு லாபத்தையும் மற்றவருக்குப் பெருநஷ்டத்தையும் தருகிறது. மகனுடைய வேலையை நம்பி நிலத்தின் மீது கடன் வாங்க எண்ணும் குடும்பம், அத்தொழிற்சாலை எங்கு விற்கிறது, எங்கிருந்து வாங்குகிறது என்பதை விசாரித்துக்கொள்வது நலம்.

வயலுக்கு வரும் வழி

மாற்று விகிதம் வயலுக்குள் நுழையும் வாயில்கள் முக்கியமாக மூன்று: பொட்டாஷ் உரம், மணிச்சத்து உரம், டீஸல் எண்ணெய். பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. மணிச்சத்து உரத்துக்கு வேண்டிய பாறையும் அமிலமும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து வருகிறது. யூரியா தயாரிக்க வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதியும் அவ்வாறே. ஆயினும் அதன் விற்பனை விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்துவதால் பளு பொக்கிஷத்தின் மீது விழுகிறது.

2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் யூரியா நீங்கலான உரங்களுக்குச் சத்தின் அளவுப்படி மானியம் நிர்ணயிக்கப்பட்டு, விற்பனை விலை கம்பெனிகளிடம் விடப்பட்டது. அதற்குமுன் டன்னுக்கு 4,455 ரூபாயாயிருந்த பொட்டாஷ் 2012-13-ல் 16,000 ரூபாயைத் தாண்டிற்று. உலகச் சந்தையில் விலை உயர்ந்ததும், 2011 மத்தியில் 45 ரூபாய் அளவிலிருந்த டாலர் ஏறத் தொடங்கியதும் சேர்ந்தே இவ்விளைவைத் தந்தன. (2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைக் கடந்தது.) அதே காலத்தில் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,250 ரூபாயாகவே உயர்ந்தது. உரம் மூன்றரை மடங்குக்கு மேல்; நெல் ஒன்றேகால் மடங்கு. விளைவு என்னவெனில், விலை ஏறாத யூரியாவை அளவுக்கு மீறி இட்டுப் பொட்டாஷைக் குறைத்தனர். அத்தகைய பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும், பிறகு சாயும், புகையான் பூச்சிக்கும் எளிதில் இரையாகும்.

இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது காலவரிசை. உரத்தின் விலை எந்த மாதத்திலும் மாறலாம். நெல்லின் ஆதரவு விலையோ வருஷத்துக்கு ஒருமுறையே அறிவிக்கப்படுகிறது. நவரைப் பட்டத்துக்குத் தை மாதத்தில் உரம் வாங்குபவர் சித்திரையில்தான் நெல்லை அளக்கிறார். செலவு முன்னே ஏற, வரவு பின்னே வருகிறது. நடுவிலுள்ள மாதங்களைக் கடன் நிரப்புகிறது. மதிப்பிறக்கத்தின் தீமை உழவரிடம் தங்குவது இவ்விடைவெளியில்தான். இறக்குமதி எண்ணெய் விலை உயர்வதால் நிலக்கடலைக்கு ஓரளவு ஆதரவு கிடைக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் அதுவும் அறுவடைக்குப் பின் வரும் லாபமே.

ஸ்திரமான விகிதம் எது?

ஆகவே உழவருக்கு வேண்டியது உயர்ந்த ரூபாயும் அன்று, தாழ்ந்த ரூபாயும் அன்று. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையில் திடீரென மாறாத ரூபாயே. ஆனால் ஸ்திரத்தன்மையைக் கட்டளையினால் மட்டும் நிலைநாட்ட முடியாது என்பதை அண்டை நாடான இலங்கை காட்டிற்று. அங்கு அந்நிய நாணயம் தேய்ந்துவந்த நிலையில் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் மிகவும் குறைந்துபோயிற்று. டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று பிடித்துவைத்திருந்த விகிதமும் 2022 மார்ச்சில் கைவிடப்பட்டு, மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குச் சென்றது. சம்பாத்தியத்தின் மீது நிற்காத ஸ்திரம் கரையற்ற ஏரி போன்றது. இயற்கை எருவுக்கு மாறுவதும் ஒரே பருவத்தில் உத்தரவினால் ஆகக்கூடியதன்று.

செய்யத்தக்கவை

1. சாகுபடிக் கணக்கில் கப்பல் வழி வரும் செலவு, ஊரிலேயே ஆகும் செலவு என இரு பத்திகள் வைத்து எழுதிவருக. முதற்பத்தி பெருகப் பெருக மாற்று விகிதத்தின் அபாயமும் பெருகும்.

2. மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் வாங்கலாகாது. மண்ணில் மணிச்சத்து போதுமானதாயிருந்தால் அதன் செலவைக் குறைக்கலாம்.

3. சம்பாவுக்கு முன் கிடைக்கும் மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக. இது யூரியாவின் தேவையில் ஒரு பகுதியைக் குறைக்கும், முற்றிலும் ஈடாகாது.

4. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் பொட்டாஷ் சத்தில் சுமார் 80 சதவீதம் வைக்கோலில் தங்குகிறது. வைக்கோல் முழுவதையும் விற்பவர், விலை கொடுத்து வாங்கிய கப்பல் சரக்கையே குறைந்த விலைக்கு விற்றவராகிறார். மாட்டுக்கு இட்டு எருவாகவோ, மக்க வைத்தோ அதை வயலுக்குத் திருப்புக.

5. இடைவெளி மாதங்களுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடனைப் பெற்று, தவணை தவறாமல் செலுத்துக. லேவாதேவிக்காரரின் வட்டி சேர்ந்தால் உரவிலை உயர்வு இரட்டிப்பாகும்.

6. கிராம அதிகாரிகள் அடங்கலில் பயிர்ப் பரப்பை நேரில் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும். விளைச்சல் மதிப்பீடு அக்கணக்கிலிருந்தே தொடங்குகிறது. அது பிழையானால், வேண்டாத இறக்குமதிக்கு டாலர் செலவாகும். அல்லது உள்ளூர் விலை வீழும்.

டாலரின் விலையை எந்தக் கிராமமும் நிர்ணயிக்க இயலாது. ஆனால் அவ்விலை ஏறும்போது தன் வயலிலிருந்து எவ்வளவு வெளியே போகும் என்பதை ஒவ்வொரு குடியானவரும் பெரிதும் தாமே நிர்ணயித்துக்கொள்ள முடியும். வருகிற பட்டத்துக்கு உரம் வாங்குமுன் இக்கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பது பெரும் பிரயோஜனம் தரும்.