விண்வெளியும் ஒரு பொது நிலம்: செயற்கைக்கோள் கூட்டங்களும் வானியல் ஆய்வும்

தலைநகர் தில்லியின் தென்மேற்கே உள்ள துவாரகாவில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் நின்று இரவு வானத்தை நோக்குவோர், மேகமில்லா நாளிலும் சில விண்மீன்களையே காண இயலும். தெருவிளக்குகளின் ஒளியும் காற்றில் கலந்த புகையும் தூசியும் மற்றவற்றை மறைத்துவிடுகின்றன. இரண்டாம் ஜெய்சிங் மன்னர் 18ஆம் நூற்றாண்டில் ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்தை நிறுவியதும் இதே தில்லியில்தான். நகரங்களில் கெட்டுப்போன வானத்தை நமது அறிவியலாளர்கள் மலைகளுக்குச் சென்று மீட்டுக்கொண்டனர். இப்போது அந்த மலைகளின் வானத்திற்கும் ஒரு புதிய சிக்கல் எழுந்துள்ளது. இதன் தன்மையையும், பொருளாதார நோக்கில் இதற்குரிய தீர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெளிந்த வானை நாடி

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டினர். 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் தோன்றியது. 1960களின் இறுதியில், அறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அங்கு 1986இல் செயல்படத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னர் லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் தன் முதல் காட்சியைப் பதிவு செய்தது. நகர ஒளி பின்தொடர்ந்தபோதெல்லாம், அது எட்டாத இடத்திற்குச் செல்வது வானியலுக்கு ஒரு வழியாக இருந்தது. செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை இந்த வழி பயன்படாது. அவை உலகின் எல்லா மலைகளின் மீதும் செல்கின்றன.

சிக்கலின் தன்மை

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இயங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 2,000. அவ்வாண்டு மே மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஒரே ஏவுதலில் 60 கோள்களை அனுப்பியது. 2025ஆம் ஆண்டின் இறுதிக்குள் அந்த ஒரு நிறுவனத்தின் கோள்கள் மட்டுமே 8,000ஐத் தாண்டிவிட்டன. அமேசான் நிறுவனம் 3,236 கோள்களுக்குத் திட்டமிட்டுள்ளது.

இவற்றுள் பல சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகின்றன. தரையில் இருள் சூழ்ந்த பின்னரும், விடியலுக்கு முன்னரும், அவ்வளவு உயரத்தில் சூரிய ஒளி படுகிறது. அந்த ஒளியைக் கோள்கள் எதிரொளிக்கின்றன. தொலைநோக்கி எடுக்கும் நீண்ட நேரப் படத்தில் இது ஒரு வெண்கோடாகப் பதிகிறது. கோளின் உயரம் கூடினால் அதன் ஒளி மங்கும். ஆனால் இரவில் அது ஒளிரும் நேரம் நீளும்.

இது அழகுணர்ச்சி பற்றிய பிரச்சினை மட்டுமன்று. சூரியன் இருக்கும் திசையிலிருந்து பூமியை நெருங்கும் சிறுகோள்களை அந்தி வேளைகளிலேயே தேட முடியும். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்துச் சிதறிய விண்கல் அத்திசையிலிருந்தே வந்தது. அதை எவரும் முன்கூட்டிக் காணவில்லை. அந்திப் பொழுதில்தான் செயற்கைக்கோள்களும் மிகுதியாக ஒளிர்கின்றன.

ரேடியோ வானியலின் நிலை மேலும் நுட்பமானது. நாராயண்காவ் அருகே கோடாட் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஏற்பிகளைக் கொண்ட மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி இயங்குகிறது. உதகையின் உருளைவடிவ ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. விண்ணிலிருந்து இவை ஏற்கும் குறிகைகள் மிக மிக மெலிந்தவை. ஸ்டார்லிங்க் கோள்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து, திட்டமிடாமலே, 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் கதிர்வீச்சு கசிவதாக ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2023இல் கண்டறிந்தனர். கோடாட் தொலைநோக்கியின் பணி எல்லையும் ஏறத்தாழ 120 மெகாஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது.

மறுபக்கம்

எனினும், இக்கோள்களின் பயனை மறுப்பதற்கில்லை. கண்ணாடியிழை வடம் எட்டாத மலைக் கிராமங்கள், தீவுகள், எல்லைப்புறங்கள் ஆகியவற்றிற்குத் தகவல் தொடர்பு இன்றியமையாதது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கோள் வழியே செய்தி சென்று மறுமொழி வர ஏறத்தாழ அரை விநாடி ஆகும். தாழ்ந்த சுற்றுப்பாதைக் கோள்கள் இதைப் பன்மடங்கு குறைக்கின்றன.

நமது நாடு இத்துறையில் வெறும் பார்வையாளர் அன்று. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒன்வெப் நிறுவனத்தின் 72 கோள்களை நமது ஏவுகலங்களே விண்ணில் செலுத்தின. முதல் ஏவுதல் நிகழ்ந்து இரு மாதங்கள் கழித்து, 2022 டிசம்பரில், ஹான்லேயைச் சுற்றிய சுமார் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு விளக்குகளுக்குத் திரையிட்டு இருளைக் காக்கும் கிராம மக்கள், பயிற்சி பெற்றுச் சிறு தொலைநோக்கிகள் வழியே பயணிகளுக்கு வானைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். ஆக, முரண்பட்ட இவ்விரு நலன்களும் நமக்கே உரியவை.

பொருளாதாரக் கோணம்

ஒரு தொழிலின் செலவில் ஒரு பகுதி, அத்தொழிலோடு தொடர்பில்லாதவர் தலையில் விழுவதைப் பொருளாதார அறிஞர்கள் புறவிளைவு என்பர். சாயப்பட்டறையின் கழிவுநீர் உழவரின் வயலைக் கெடுப்பது இதற்கு நாம் அறிந்த எடுத்துக்காட்டு. அத்தகைய செலவைத் தொழில் நடத்துவோரே ஏற்குமாறு வரி விதிக்க வேண்டும் என்பது பிகுவின் கருத்து. உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேச்சு நடத்தும் செலவும் குறைவாக இருப்பின், இரு தரப்பாரும் தாமே உடன்பாட்டிற்கு வரலாம் என்பது கோஸின் கருத்து.

இங்கு கோள் நிறுவனங்கள் சிலவே. பெரிய ஆய்வுக்கூடங்களும் சிலவே. எனவே உடன்பாடு இயலாததன்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திற்கும் இடையே ஏற்பட்ட ஒருங்கிணைப்பு உடன்பாடு 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஹான்லே கிராமத்தாரும் சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் கல்லூரி மாணவரும் அத்தகைய பேச்சில் இடம்பெறுவதில்லை. ஊர்ப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கை வலுவுள்ள சிலர் வளைத்துக்கொள்ளும்போது, குரலற்றவர் சார்பில் அரசு தலையிட்டாக வேண்டும். விண்வெளிக்கும் இந்நெறி பொருந்தும். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும், பிற நாடுகளின் நலனுக்கு உரிய மதிப்பளித்தே விண்வெளியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, உரிமம் வழங்கும் நிலையிலேயே நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். வெறும் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு, அதாவது ஏழாம் ஒளித்தரத்திற்கும் கீழாக, கோள்களின் ஒளி இருக்க வேண்டும் என்பது வானியலாளர் பரிந்துரை. கோள்களின் பாதை விவரங்களை வெளியிடுவதும் கட்டாயமாதல் வேண்டும்.

இரண்டாவதாக, கோடாட், உதகை ஆகிய இடங்களின் மீது செல்லும்போது கோள்கள் தம் அலைக்கற்றையைத் திருப்புவதோ நிறுத்துவதோ பற்றி ஆய்வுக்கூடங்களோடு நிறுவனங்கள் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். சதுர கிலோமீட்டர் அணி என்னும் பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்திற்கு 1,250 கோடி ரூபாய் செலவிட மத்திய அரசு முடிவு செய்துள்ளது. ஒரு கையால் இட்ட முதலீட்டின் பயனை மறு கையால் குறைத்துக்கொள்ளல் தகாது.

மூன்றாவதாக, மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்குக் கண்ணாடியிழையே சிக்கனமானது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி வடம் சென்றடைந்தது நினைவுகூரத்தக்கது. கோள் வழித் தொடர்பு, வேறு வழியற்ற இடங்களுக்கே முதன்மையாகப் பயன்பட வேண்டும்.

இவற்றை வற்புறுத்தும் வலிமை நமக்கு உண்டா? உண்டு. இக்கோள்களின் ஆயுள் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே. ஏவப்பட்ட கோளை மாற்றியமைக்க இயலாது. ஆயினும் அடுத்த தலைமுறைக் கோள்களின் வடிவமைப்பை இன்றைய விதிகள் நிர்ணயிக்க முடியும். ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025 ஜூனில் நமது தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்தைப் பெற்றது. பரந்த சந்தையை உடைய நாடு விதிக்கும் நிபந்தனையை எந்த நிறுவனமும் எளிதில் புறக்கணிக்காது.

துவாரகாவின் வானத்தை மீட்க நெடுங்காலம் ஆகலாம். ஹான்லேயின் வானம் இன்னும் நம் கையில் உள்ளது. அக்கிராமத்துச் சிறுவனுக்கு இணையத் தொடர்பும் வேண்டும். அவன் தலைக்கு மேலுள்ள விண்மீன்களும் வேண்டும். இரண்டையும் அவனுக்கு அளிக்கும் வகையில் உரிமங்களை வகுப்பதே திட்டமிடுவோரின் கடமையாகும்.