பாதி உலகம்

கேள்வி: இஸ்பஹான் நகரைப் 'பாதி உலகம்' என்கிறார்களே, மிகைதானே?

பதில்: பாரசீகச் சொலவடை அது. மிகைதான், ஆனால் நகரின் பெரிய சதுக்கத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். 1598-இல் முதலாம் ஷா அப்பாஸ் தலைநகரை கஸ்வீனிலிருந்து இங்கே மாற்றினார். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தச் சதுக்கத்தைச் சுற்றி அரண்மனை, கடைவீதி, இரண்டு மசூதிகள். போலோ ஆடிய காலத்துக் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன.

எனக்குப் பிடித்தது 1611-இல் தொடங்கிய ஷா மசூதியின் வாசல். சதுக்கம் ஒரு திசையில், தொழுகையில் நோக்க வேண்டிய மெக்கா வேறு திசையில். கட்டடக்காரர்கள் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசல் சதுக்கத்தை நேராகப் பார்க்கிறது. உள்ளே நுழைந்ததும் நடை மெல்லத் திரும்பி, சுமார் 45 பாகை சாய்ந்த முற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது. எதிரே நீல ஓடு வேய்ந்த குவிமாடம். எவ்வளவு அழகான தீர்வு! அதே சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்கு மினாரே கிடையாது. அது அரச குடும்பத்தின் தனி வழிபாட்டிடம்.

மனம் கனப்பது நகரின் ஸாயந்தே ஆற்றை நினைத்தால்தான். முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட பாலத்தின் கீழே ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். அணை திறந்து தண்ணீர் வரும் நாளில் ஊரே குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்துவிடுகிறது.