எலும்பில் பரவிய புற்றுநோய்: வலியைச் சூட்டினால் தணிக்கும் முறை

பதுளையிலிருந்து இறங்கும் பெரிய ரோட்டு மட்டக்களப்பு வாவிப் பக்கம் செங்கலடியில் வந்து முடிகிறது. அங்கே மகள் வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவி, இரவில் ஒரு பக்கமாகக்கூடப் படுக்க முடியவில்லை. “நோயோட வந்த வலி, பொறுத்துக்கத்தானே வேணும்” என்றார். பொறுக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தப் பாடம்.

புற்றுநோய் எலும்பை அரிக்கும்போது, எலும்பை மூடியிருக்கும் சவ்விலுள்ள நரம்புகள் உறுத்தப்படுகின்றன. வலி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். இந்த வலிக்குச் சூட்டினால் செய்யும் ஒரு சிகிச்சை உண்டு. நோயாளியை மயக்கி, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, ஊசி போன்ற கம்பியைக் கட்டியும் எலும்பும் சேரும் இடம்வரை செலுத்துகிறார்கள். கம்பி நுனியில் மின்சாரம் பாய்ந்ததும் சுற்றிவர இருக்கும் கட்டி சூடேறுகிறது. 60 பாகை செல்சியசைத் தாண்டினால் கலங்கள் செத்துவிடும். ட்ரையர் சூடு பட்டதும் இலை மேற்கொண்டு மாறாமல் நின்றுவிடுகிறதே, ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியர்களும் வேறு நிலையங்களும் சேர்ந்து 43 பேருக்கு இதைச் செய்து பார்த்து, முடிவை 2004இல் வெளியிட்டார்கள். 41 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. பத்துக்கு 7.9 ஆக இருந்த கடும் வலி நாலு வாரத்தில் 4.5 ஆனது. ஆனால் நோய் இதனால் மாறிவிடாது; தணிவது வலிதான். முள்ளந்தண்டு நரம்புக்கோ குடலுக்கோ கிட்ட இருக்கும் கட்டியென்றால் மிகவும் யோசித்தே செய்வார்கள்.

மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் இம்முறை உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது கதிர்ச் சிகிச்சை. எலும்பு வலிக்குப் பலருக்கு ஒரே தடவை கொடுத்தாலே போதும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அடுத்தது மோர்பின். “அது பழக்கமாயிடும்” என்று பயந்து மருந்தை ஒளித்து வைக்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

சூடு என்றதும் வீட்டில் கம்பி காய்ச்சிச் சூடு வைக்கப் புறப்பட வேண்டாம்! அது தோலைத்தான் பொசுக்கும், எலும்பிலுள்ள கட்டிக்குப் போகாது. கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் சுடுதண்ணி ஒத்தடமும் கூடாது.

முதுகு வலியோடு கால் சோர்ந்தாலோ சிறுநீர் நின்றாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வருகிறார். வலி பத்துக்கு எத்தனை என்று காலையும் இரவும் கேட்டு, மகள் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாள். நாம் போன அன்று காலை எட்டு. மருந்து குடித்தபின் இரவில் ஐந்து.