லிக்விடேட்டர் ஃபீஸ் போகத்தான் எங்கள் சம்பளமா?

கேள்வி: நான் வேலை பார்த்த கம்பெனி திவாலாகி, லிக்விடேட்டர் கைக்குப் போய்விட்டது. பதினான்கு மாதச் சம்பளம் பாக்கி. சொத்தை விற்றாலும் முதலில் அவருடைய ஃபீஸைத்தான் எடுப்பார்கள் என்கிறார் யூனியன் தலைவர். அந்தத் தொகையை யார் முடிவு செய்வது? கோர்ட் பார்த்துத்தான் அனுமதிக்கிறதா? நாங்கள் கேள்வி கேட்கலாமா?
- வாசகர், முத்தாண்டிக்குப்பம்

பதில்: தலைவர் சொன்னது சரிதான். 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53-வது பிரிவில், ஃபீஸ் உள்ளிட்ட கலைப்புச் செலவுகளுக்கே முதலிடம். அடுத்த இடத்தில் தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கி. அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளும் அதே வரிசையில் சமமாக நிற்கும். 'தொழிலாளர்' என்ற வகைக்குள் வராத ஊழியர்களுக்கு 12 மாதச் சம்பளம்தான், அதுவும் அதற்குப் பிறகு. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளில் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் இந்த வரிசைக்கே வராது. 36-வது பிரிவு அதைக் கலைப்புச் சொத்தில் சேர்ப்பதில்லை.

முன்பு உயர் நீதிமன்றத்தின் கீழ் 'அஃபிஷியல் லிக்விடேட்டர்' என்ற அரசு அதிகாரி இந்த வேலையைச் செய்தார். இப்போது செய்பவர்கள் பதிவுபெற்ற தனியார் நிபுணர்கள். ஃபீஸைக் கடன்கொடுத்தோர் குழு முன்கூட்டியே முடிவு செய்யலாம். அது செய்யாவிட்டால், கலைப்பின்போது அமையும் ஆலோசனைக் குழு தன் முதல் கூட்டத்தில் முடிவு செய்யலாம். இரண்டும் நடக்காவிட்டால் திவால் வாரிய விதிகளில் உள்ள அட்டவணைதான். ஆக, ஒவ்வொரு வழக்கிலும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் முன்கூட்டியே அனுமதி தருவதில்லை. தகராறு வந்தால்தான் தலையிடும்.

அட்டவணை எப்படி வேலை செய்கிறது? மற்ற கலைப்புச் செலவுகள் போக, விற்பனையில் 8 கோடி ரூபாய் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதத்துக்குள் கிடைத்தால் முதல் கோடிக்கு 5 சதவீதம், மீதி 7 கோடிக்கு 3.75 சதவீதம்: மொத்தம் 31.25 லட்சம். இரண்டு வருடம் கடந்து கிடைத்தால் அதே வேலைக்கு 11.75 லட்சம்தான். பணத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்குத் தனி சதவீதம் உண்டு. அதுவும் நாளாக ஆகக் குறையும். இழுத்தடித்தால் அவருக்கும் நஷ்டம்.

ஆனால் இழுக்க இழுக்க மற்ற செலவுகள் ஏறும். உங்கள் மாவட்டத்துப் பெரியகுப்பம் நாகார்ஜுனா ஆயில் ஆலையையே பாருங்கள். 2011 டிசம்பரில் தானே புயலில் அடிபட்டு முடங்கிய திட்டம், 2018-இல் கலைப்புக்குப் போனது. கிடந்த இரும்பையும் செம்பையும் திருடக் கும்பல்கள் புகுந்தன. பெட்ரோல் குண்டுகூட வீசப்பட்டது. இப்படிப்பட்ட இடத்துக்குக் காவல் போடாமல் முடியுமா? காவலாளி கூலி, இன்ஷூரன்ஸ், மதிப்பீட்டாளர், வக்கீல் என்று எல்லாமே உங்களுக்கு முந்தைய வரிசையில்தான் கழியும். எனவே ஃபீஸோடு சேர்த்து இவற்றின் மீதும் கண் வையுங்கள்.

கேள்வி கேட்க வழி இருக்கிறது. லிக்விடேட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்பாயத்துக்கு அறிக்கை தர வேண்டும். தான் வாங்கிய ஃபீஸ், அதற்குச் செய்த வேலை, மற்ற நிபுணர்களுக்குக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். பாக்கி வர வேண்டியவர் என்ற முறையில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகல் செலவைக் கட்டி, ரகசியம் காப்பதாக உறுதி எழுதிக் கொடுத்தால் உங்களுக்கும் அது கிடைக்கும்.

கணக்கு இடித்தால், சென்னை தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் 60(5) பிரிவின் கீழ் மனு போடலாம். யூனியன் மூலம் சேர்ந்து போட்டால் வக்கீல் செலவு குறையும். 2022 ஜனவரியில் தேவராஜன் ராமன் வழக்கில், ஒரு திவால் நிபுணருக்குத் தீர்ப்பாயம் காரணம் சொல்லாமல் 5 லட்சமும் செலவும் என்று நிர்ணயித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அங்கே முறையிட்டவர் அந்த நிபுணர். காரணம் காட்ட வேண்டும் என்ற அந்த நெறி உங்கள் மனுவுக்கும் கைகொடுக்கும்.

அதற்கு முன், உங்கள் பாக்கிக்கான கோரிக்கையைக் கலைப்பு தொடங்கிய 30 நாளுக்குள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரத்தோடு லிக்விடேட்டரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தீர்களா? அவர் அதை நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான் அவகாசம்.